மரக்காணமும் சில விமானங்களும்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. அதனாலதான் இந்தப் பக்கமே வர முடியல. ரொம்ப நாளா மனசுல கிடந்த ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் சொந்தக் கதை. பொறுமையா படிங்க மக்களே.

2015 ஜூன் மாசம். ப்ளஸ் டூ முடிச்சுட்டு இஞ்சினியரிங் கவுன்சிலிங்குக்காகக் காத்திருந்த நேரம். மரக்காணத்துல மாமா வீட்டுல இருந்தேன். மாமாவுக்கு உப்பளத்துல வேலை. ஜூன் 8-ந்தேதி சாயந்திரம் சென்னையிலிருந்து கிளம்பிய கடலோரக் காவல்படையின் டார்னியர் விமானம் ஒன்று, மூன்று பேரோடு அன்று இரவே காணாமல் போனது. அடுத்த நாள் டீக்கடையில எல்லாம் இதே பேச்சு. வானத்துல எந்த சத்தம் கேட்டாலும் பாத்தியில இருந்தவங்க நிமிர்ந்து பார்த்தாங்க.

"மாமா, நாமளும் போய்த் தேட முடியாதா?"ன்னு கேட்டேன்.

"எதுல மாப்ள போவ? என் சைக்கிள்லயா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும்தான். ஆனா கேள்வி மட்டும் உள்ளேயே தங்கிடுச்சு. கப்பல்கள், விமானங்கள், சிந்துத்வஜ் நீர்மூழ்கி என்று ஒரு பெரும் படையே தேடியும் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஜூலை 10-ந்தேதி ஒலிம்பிக் கேன்யன் என்ற கப்பல், சுமார் 950 மீட்டர் ஆழத்தில் கறுப்புப் பெட்டியைக் கண்டுபிடித்தது. மூன்று பேரும் திரும்பி வரவில்லை.

சாதாரண ஜனங்க விமானத்துல போய்த் தேடுற அமைப்பு உலகத்துல எங்கயாவது இருக்கான்னு பின்னாடி தேடினப்போ அமெரிக்காவோட சிவில் ஏர் பேட்ரோல் கிடைச்சது. ஆரம்பிச்ச தேதி 1941 டிசம்பர் 1. பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுவதற்குச் சரியா ஆறு நாள் முன்னாடி! சொந்தமா சின்ன விமானம் வைத்திருந்தவர்கள், போர்ப்படைக்குப் போகமுடியாத வயசு ஆனவர்கள், பெண்கள் எல்லாம் சேர்ந்தார்கள். 1942 மார்ச்சிலிருந்து 1943 ஆகஸ்ட் வரை அட்லாண்டிக் கரையோரம் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்தார்கள். கடலில் தத்தளித்த 363 பேரைக் கண்டுபிடித்துச் சொன்னதாகக் கணக்கு. இதற்குக் கொடுத்த விலை 90 விமானங்கள், 26 உயிர்கள். 1948-ல் இந்த அமைப்பு அமெரிக்க விமானப்படையின் துணை அமைப்பானது.

இதைப் படிச்சப்போ, அவங்க ஊர்ல மட்டும் எப்படி இதெல்லாம் நடக்குதுன்னு வழக்கம்போல ஒரு பெருமூச்சு விட்டேன். ஆனா தோண்டத் தோண்ட வேற கதை வந்தது.

அமெரிக்காவுக்கு முன்னாடியே நம்ம கரையில் தன்னார்வலர்கள் பறந்திருக்கிறார்கள். 1939-ல் யுத்தம் ஆரம்பித்ததும் இந்திய விமானப்படையின் தன்னார்வ ரிசர்வ் உருவானது. அந்தக் காலத்தில் சென்னை, பம்பாய், கல்கத்தா, கராச்சி எல்லா ஊரிலும் ஃப்ளையிங் கிளப்புகள் உண்டு. கிளப்பில் ஆசைக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் அப்படியே ரிசர்வுக்குப் போனார்கள். இவர்களையும் கொஞ்சம் ரெகுலர் ஆட்களையும் வைத்து துறைமுகங்களைக் காக்க கடலோரப் பாதுகாப்புப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. அதில் முதலாம் எண் பிரிவு எந்த ஊர் தெரியுமா? நம்ம சென்னை!

கொடுத்த விமானம் வாபிட்டி. இரட்டை இறக்கை, ஒற்றை இஞ்சின், மேலே கூரை கிடையாது. 1920-களின் டிசைன். அதுல உக்காந்து வங்காள விரிகுடா மேல போகணும். இஞ்சின் நின்னா கீழே தண்ணிதான். 1941-ல் அந்த வாபிட்டிகளையும் புதுசாக அமைத்த இரண்டாம் ஸ்குவாட்ரனுக்காக எடுத்துக்கொண்டு, பயணிகள் விமானமாக ஓடிக்கொண்டிருந்த அட்டலாண்டாக்களைக் கொடுத்தார்கள். நம்ம ஆபீஸ்ல புது ப்ராஜெக்ட்டுக்கு நல்ல மெஷினைத் தூக்கிட்டுப் போயிட்டு பழைய டப்பாவைக் கொடுக்கிற மாதிரி :-)

ஒரு வித்தியாசத்தைச் சொல்லணும். அமெரிக்காவில் அவர்கள் கடைசிவரை சிவிலியன்கள். இங்கே சேர்ந்தவர்கள் யூனிபார்ம் போட்டு படைக்குள்ளேயே போய்விட்டார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திருகோணமலை என்று வரிசையாகத் தாக்கின. சென்னையை விட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். அந்த வருஷக் கடைசியோட கடலோரப் பிரிவுகள் கலைக்கப்பட்டன. ஆட்கள் மற்ற ஸ்குவாட்ரன்களுக்குப் போனார்கள். பொழுதுபோக்கா விமானம் ஓட்டினவன் கடலைக் காவல் காத்த கதை அதோட முடிஞ்சது. சுதந்திரத்துக்கு அப்புறம் கடலில் தேடுவதும் மீட்பதும் படைகளின் வேலை ஆனது. 1977-ல் கடலோரக் காவல்படை பிறந்தது. சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தேசத்தில் வேற எப்படி நடக்கும்?

சரி, அப்போ நமக்கு வேலையே இல்லையா? எனக்கு இதுக்கு பதில் கிடைச்சது 2020 நவம்பர் 25-ந்தேதி. நிவர் புயல் மரக்காணம் பக்கம் கரையைக் கடந்த நாள். கொரோனா காலம், மாமா வீட்டிலிருந்துதான் வேலை. மத்தியானம் 'ஏதாவது உதவி பண்ணலாம்'னு பைக்கை எடுத்துக்கிட்டு கரைப்பக்கம் போனேன். கழிமுகத்துக்கிட்ட மணல்ல வண்டி புதைஞ்சு, தண்ணி ஏற ஆரம்பிச்சுடுச்சு. படகுகளை மேலே இழுத்துக் கட்டிக்கிட்டிருந்த ரெண்டு பேர் அந்த வேலையை விட்டுட்டு ஓடிவந்து என்னை இழுத்துப் போட்டாங்க. அதுல ஒருத்தருக்குக் காலில் வெட்டு. ரத்தம் வந்தது. என்ன பண்ணணும்னு தெரியாம நான் நின்னுக்கிட்டிருந்தேன். அவரே தலைத்துண்டைக் கிழிச்சுக் கட்டிக்கிட்டார்.

"உதவி பண்ண வர்றதுன்னா பண்ணத் தெரிஞ்சுக்கிட்டு வா தம்பி."

கோபமா சொல்லல. அதான் இன்னும் வலிக்குது.

அதுக்கப்புறம்தான் சிவில் ஏர் பேட்ரோல்ல வயசு வந்தவங்க எப்படிச் சேர்றாங்கன்னு ஒழுங்கா படிச்சேன். 18 வயசு ஆகணும். கைரேகை எடுத்துப் பின்னணி விசாரிப்பாங்க. அடிப்படைப் பயிற்சி முடிக்கணும். பெரும்பாலானவங்க பைலட்டே கிடையாது. ரேடியோ பிடிக்கிறவங்க, தரையில நடந்து தேடுறவங்க, விமான ஜன்னல் வழியா பார்க்கிறவங்க. அந்தப் பார்க்கிற வேலைக்கே தனிப் பயிற்சி உண்டு. கண்ணை ஓட்டிக்கிட்டே இருந்தா எதுவும் தெரியாதாம். ஒரு இடத்தில் நிறுத்தி, பார்த்து, அடுத்த இடத்துக்கு நகர்த்தணும். மொத்தப் பரப்பையும் கோடு கோடாகப் பிரித்து ஒன்றுவிடாமல் போகணும். நம்ம பாஷையில நெஸ்டெட் லூப்.

மாமாகிட்ட இதைச் சொன்னேன். "உப்பு வெள்ளையில நாங்க அப்படித்தான் பாக்குறோம். துண்டை நெத்தியில மடிச்சுப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு பாத்தியா பாக்கணும். மொத்தமா பாத்தா கண்ணு கூசிடும்"னார்.

இங்கே பறக்கிற வேலை கிடைக்காது. ஆனா தரையில் செய்ய வேண்டியது நிறைய இருக்கு. 1968-ம் வருஷ சிவில் டிஃபன்ஸ் சட்டப்படி பொதுஜனங்கள் தன்னார்வலராகச் சேரலாம். 2009 திருத்தத்துக்கு அப்புறம் பேரிடர் வேலையும் அதுக்குள்ள வந்துடுச்சு. ஆப்த மித்ரா திட்டத்தில் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுத்து ஒரு லட்சம் பேரைத் தயார் பண்ண 2021-ல் ஆரம்பித்தார்கள். மீனவ இளைஞர்களுக்குக் கடலோர ஊர்க்காவல் படை இருக்கிறது. எதுவும் இல்லேன்னாலும் ரெண்டு நம்பரைப் போனில் போட்டு வைங்க. கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. கடல் மேல ஏதாவது வித்தியாசமா பார்த்தா மணி என்ன, எந்தத் திசை, புகையா எண்ணெயா, இதை மட்டும் சொன்னா போதும். வீடியோ எடுக்க ஓடாதீங்க. சிதறின துண்டு கரையில ஒதுங்கினா தொடாதீங்க.

அவசரப்படுற வேலையும் இல்ல இது. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் கிளம்பின ஏ.என்-32 விமானம் 29 பேரோடு காணாமல் போனது. அதன் சிதைவுகள் 3,400 மீட்டர் ஆழத்தில் இருப்பது தெரிந்தது 2024 ஜனவரியில்தான். கண்டுபிடித்தது நம்ம சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி நீர்மூழ்கி. ஏழரை வருஷம் அந்தக் குடும்பங்கள் காத்திருந்திருக்கு.

நான் முதலுதவி வகுப்பு முடிச்சாச்சு. பொம்மை நெஞ்சை அமுக்கி அமுக்கி ரெண்டு நாள் கை வலி. இப்போ ரத்தம் வந்தா எங்கே அழுத்தணும்னு தெரியும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அந்த அண்ணனைத் தேடிப்போய்ச் சொன்னேன். காலில் தழும்பு இன்னும் இருக்கு. "சரி, நீச்சல் தெரியுமா?"ன்னு கேட்டார்.

தெரியாது. அடுத்து அதுதான்.