கோட்டின் வழிவந்த ஆசான்: கே.சி.எஸ். பணிக்கர்

காஞ்சியின் பட்டுக்கும் கோயில்களுக்கும் இம்மலரில் அறிமுகம் வேண்டியதில்லை. மலர்க் குழுவினர் எழுதப் பணித்தது ஓவிய ஆசான் கே.சி.எஸ். பணிக்கரைப் பற்றி. 1911-இல் கோவையில் பிறந்து, சென்னை கலைப்பள்ளியில் தேவி பிரசாத் ராய் சவுத்ரியிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, 1957 முதல் 1967 வரை முதல்வராக வீற்றிருந்தவர் அவர். காஞ்சி மண் அவரைக் கொண்டாடக் காரணம் உண்டு. அதைப் பல்லவரிடமிருந்து தொடங்குவதே முறை.

‘சித்திரகாரப்புலி’ என்று விருதுப்பெயர் பூண்ட வேந்தன் மகேந்திரவர்மன். காஞ்சியிலிருந்து வந்தவாசி செல்லும் வழியிலுள்ள மாமண்டூர்க் குடைவரையில் அவனுடைய சிதைந்த கல்வெட்டு உள்ளது. அதில் தட்சிணசித்திரம் என்னும் பெயர் கிடைக்கிறது. ஓவிய நூலொன்றுக்கு அவன் கண்ட உரையை அது சுட்டுவதாக அறிஞர் கொள்வர். ஓர் அரசன் சித்திரம் தீட்டுவோரில் ஒருவனாகத் தன்னைச் சொல்லிக்கொண்ட மண் இது! அவன் வழித்தோன்றல் இராசசிம்மன் எடுத்த கைலாசநாதர் கோயிலின் திருச்சுற்றுச் சிற்றாலயங்களில் ஓவிய எச்சங்கள் இருப்பதை 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய் கண்டறிந்தார். இன்று அங்கே வண்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஆயினும் சோமாஸ்கந்தர் திருவுருவின் வளைகோடு நிற்கிறது. சுதை பெயர்ந்த இடத்தில்கூட அம்மையின் இடை வளைவையும் விரல் நுனியையும் கண் தானே நிரப்பிக்கொள்ளும்.

விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரத்தில், ஓவியம் கற்க வந்த வஜ்ர மன்னனிடம் மார்க்கண்டேய முனிவர், நடனம் அறியாதவனுக்கு ஓவியம் பிடிபடாது என்கிறார். தேர்ந்தவர்கள் போற்றுவது கோட்டினையே என்றும் அந்நூல் கூறும். முனிவர் வாக்கு பொய்க்கவில்லை என்பதற்குக் கைலாசநாதர் கோயில் சுவரே சான்று.

அந்தக் கோட்டினை இருபதாம் நூற்றாண்டில் மீட்டெடுத்தவர்களுள் பணிக்கர் தலையாயவர். நீர்வண்ணக் காட்சிகளில் பெயர் பெற்றிருந்தவர், 1954-இல் ஐரோப்பாவில் தம் படங்களைக் காட்சிக்கு வைத்துத் திரும்பிய பின், தம் மண்ணின் முகம் எது என்ற தேடலில் இறங்கினார். 1963-இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை அதன் விளைவு. ஜாதகக் கட்டம், மீன், பறவை, வாசிப்பதற்கென்று எழுதப்படாத மலையாள எழுத்துகள், எண்கள் எல்லாம் வரிவரியாகப் படத்தை நிரப்புகின்றன. மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டுப் பக்கம் இவ்வரிசைக்குத் தூண்டுகோலாயிற்று. ஆசிரியர் மாணவனிடமிருந்து பெற்ற இந்தக் கொடை நினைந்து மகிழத்தக்கது.

அவர் செய்த பெருஞ்செயல் இனித்தான் வருகிறது. படம் மட்டும் வரைந்து வயிறு வளர்க்க முடியாத காலம். கைத்தொழிலில் ஈட்டி, ஓவியத்தைச் சந்தைக்குப் பணியாமல் காப்பது என்று முடிவு செய்தார். மெழுகு தடவிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளை அவரும் மாணவர்களும் செய்து விற்றார்கள். அந்த வருவாயைக் கொண்டு 1966-இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் எழுந்தது. அன்று அவ்வூரும் நம் காஞ்சியும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம் என்பதில் நமக்குப் பெருமையுண்டு. எஸ்.ஜி. வாசுதேவ், பாரிசில் புகழ்பெற்ற விசுவநாதன், ஆதிமூலம் எனப் பள்ளியிலும் கிராமத்திலும் அவர் நிழலில் வளர்ந்தவர் பலர். 1977-இல் ஆசான் மறைந்தார்.

கைத்தொழில் கலையைவிடத் தாழ்ந்ததன்று என்னும் அவர் கொள்கை காஞ்சித் தறிக்காரருக்குப் புதிதன்று. கோர்வை போடும்போது உடலுக்கு ஒரு நாடா, கரைகளுக்கு வேறு நாடா. இரு நிற இழைகள் பூட்டிக்கொள்ளும் வரியில் கை தவறினால் சேலை முழுதும் காட்டிக்கொடுக்கும். கட்டத்தாளில் அன்னத்தை வரைபவர் கட்டம் கட்டமாக இழையை எண்ணுகிறார். அவர் தாள் பணிக்கரின் படத்துக்கு உடன்பிறப்பு. ஓவியர் ரெட்டப்ப நாயுடுவும் ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றியவர்கள். அந்த மையம் காஞ்சியிலும் உண்டு.

நம் பள்ளித் தலைமையாசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணவர்களைக் கைலாசநாதர் கோயிலுக்கும், அடுத்து ஈஞ்சம்பாக்கத்துக்கும் அழைத்துச் செல்ல வேண்டும். பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் ஓவியம் பயின்ற இளைஞர்களை அழைத்துப் புதிய முந்திகளை வரையச் செய்ய வேண்டும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை கோடு போட உட்கார்ந்தால், பெற்றோர் அதைப் பொழுதுபோக்கென்று தள்ளாமல் தாளும் தூரிகையும் வாங்கிக் கொடுக்க வேண்டும்.