பிரிண்டர் சேர்க்க அட்மினிடம் ஏன் கேட்க வேண்டியிருக்கு?

அலுவலகக் கணினியில் புதிய பிரிண்டரைச் சேர்க்கப் போனால் நிர்வாகியின் மறைச்சொல்லைக் கேட்கிறதா? எரிச்சல்தான். ஆனால் காரணம் இருக்கிறது.

நீங்கள் அச்சிடக் கொடுக்கும் ஆவணம் நேரே பிரிண்டருக்குப் போவதில்லை. விண்டோஸில் உள்ள 'பிரிண்ட் ஸ்பூலர்' அதை வாங்கி, வரிசையில் வைத்து, ஒவ்வொன்றாக அனுப்புகிறது.

எல்லாப் பிரிண்டரின் மொழியும் ஸ்பூலருக்குத் தெரியாது. அதனால் 'டிரைவர்' எனும் கூடுதல் நிரல்களை அதில் செருகலாம், பழையதை மாற்றலாம்.

சிக்கல் எங்கே? ஸ்பூலர் இயங்குவது கணினியின் உச்ச அதிகாரத்தோடு. உள்ளே செருகும் நிரலுக்கும் அதே அதிகாரம் கிடைத்துவிடும்.

2021இல் அம்பலமான 'பிரிண்ட்நைட்மேர்' குறைபாடு அந்த வகைதான். சாதாரணப் பயனீட்டாளர் கணக்கு ஒன்று இருந்தால் போதும், டிரைவர் என்ற பெயரில் தீய நிரலை நுழைத்துவிடலாம். ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்ட்டில் வந்த அடுத்த திருத்தம், டிரைவரை நிறுவும் உரிமையை நிர்வாகிக்கு மட்டும் என்று மாற்றியது.

அச்சிடும் வேலையே இல்லாத சர்வரா? ஸ்பூலரை நிறுத்திவிடலாம். வீட்டுக் கணினி என்றால், டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்க.