பனிச்சாலையும் சக்கரச் சங்கிலியும்

செப்டம்பர்த் திங்களின் முதல் நாளன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துச் சமவெளிகளில் இன்னும் கோடை வெயில் காய்ந்துகொண்டிருக்கும். ஆயினும் அன்று தொடங்கி மே 31ஆம் நாள் வரை, 70ஆம் எண் நெடுஞ்சாலையில் டாட்செரோவுக்கும் மாரிசனுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 200 கிலோமீட்டர்த் தொலைவில் செல்லும் கனரக வணிகச் சரக்குந்துகள் யாவும் சக்கரச் சங்கிலிகளை உடன் கொண்டு செல்லவேண்டும் என்பது அம்மாநிலத்துச் சட்டம். பனி பெய்தால் பூட்டுக என்று சொல்வதோடு நில்லாமல், பெய்யாத நாளிலும் சுமந்து செல்க என்று ஓர் அரசு கட்டளையிடுவானேன்? பனியையே காணாத நம் நாட்டு மாணவர்க்கு இது விந்தையாகத் தோன்றலாம்.

சங்கிலியின் பிறப்பு எளிமையானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகின. சாலைகளோ பெரும்பாலும் மண்சாலைகள். சேற்றிலும் பனியிலும் சக்கரம் வழுக்கியபோது, வண்டியோட்டிகள் கயிற்றையும் செடிகொடிகளையும் டயரின்மேல் சுற்றிக்கொண்டனர். அவை விரைவில் அறுந்துபோயின. நியூயார்க் மாநிலத்துக் கனஸ்டோட்டா என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர் இதனைக் கண்டு, கயிற்றின் இடத்தில் இரும்பை வைத்தார். டயரின் இரு பக்கங்களிலும் வளையமாக ஓடும் இரண்டு சங்கிலிகள். அவற்றை ஏணிப்படிகள் போல இணைக்கும் குறுக்குச் சங்கிலிகள். 1904ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் இவ்வமைப்புக்கு அவர் காப்புரிமை பெற்றார். நூற்றாண்டு கடந்த பின்னரும் சரக்குந்துச் சங்கிலியின் அடிப்படை வடிவம் அதுவே.

அது வேலை செய்யும் முறையும் மறைபொருளன்று. காய்ந்த தார்ச்சாலையில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு, இறுகிய வெண்பனியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பனிக்கட்டியில் அதனினும் குறைவு. சங்கிலி பூட்டிய சக்கரத்தில் வண்டியின் பாரம் டயரின் பரந்த பரப்பில் பரவாமல் சில இரும்புக் கண்ணிகளின்மேல் குவிகிறது. கண்ணிகள் பனியைக் கடித்து இறங்குகின்றன. சரக்குந்தில் இயந்திரத்தின் விசை பின்னுள்ள இயக்கச் சக்கரங்களுக்கே செல்வதால், சங்கிலி முதலில் வேண்டப்படுவது அங்கேதான். பாரமேற்றிய வண்டியைவிட வெறும் வண்டியே எளிதில் வழுக்கும் என்பது பலர் அறியாதது. அதன் இயக்கச் சக்கரங்களை நிலத்தில் அழுத்தப் போதிய எடை அங்கே இல்லை.

கொலராடோவின் கட்டளைக்குக் காரணம் அம்மலைப்பாதையின் வரலாற்றில் இருக்கிறது. முன்னர் ராக்கி மலைத்தொடரைக் கடக்க, 3,655 மீட்டர் உயரமுள்ள லவ்லண்டு கணவாயின் வளைவுகளில் வண்டிகள் ஏறி இறங்கவேண்டியிருந்தது. 1973ஆம் ஆண்டு மார்ச்சில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையின் முதல் குழாயும், 1979 டிசம்பரில் இரண்டாம் குழாயும் திறக்கப்பட்டன. கணவாயின் கொடுமை குறைந்தது உண்மையே. ஆயினும் சுரங்கமும் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அதன் வாயிலை அடைய நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் வரை உயரும் சரிவில் ஏறியாக வேண்டும். அச்சரிவில் ஒரு நெடிய சரக்குந்தின் சக்கரம் சுழன்று, வண்டி குறுக்கே திரும்பி நின்றுவிட்டால், பின்னால் வருவோர் அனைவரும் நின்றுவிடுவர். நோயாளியை ஏற்றி வரும் வண்டியும் நிற்கும். பனியகற்றும் வண்டியும் நெருங்க இயலாது. ஒருவரின் கவனக்குறைவுக்குப் பலர் கொட்டும் பனியில் விலை கொடுக்க நேரிடுகிறது.

அந்த நேரத்தில் சங்கிலி வாங்கி வர அங்குக் கடையேது? மலையடிவாரத்தில் வெயிலாக இருக்கும்போதே உச்சியில் பனி கொட்டும். ஆகவேதான் சட்டம் 'பூட்டு' என்பதற்கு முன்பு 'கொண்டு செல்' என்கிறது. பூட்டுமாறு அறிவிப்பு வந்த பின்னரும் பூட்டாதவருக்கு 500 டாலர் தண்டம். அதனால் பாதை அடைபட்டால் 1,000 டாலர். கூடுதல் கட்டணம் தனி. 2024ஆம் ஆண்டில் சங்கிலி சுமக்கும் கடமை வேறு சில மலைச்சாலைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. வாஷிங்டன் மாநிலமும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் இத்தகைய விதிகளைக் கொண்டுள்ளன.

வாகனமோட்டியின் பக்கமும் பேசப்படவேண்டும். சரக்குந்துச் சங்கிலி இலேசான பொருளன்று. உறைகுளிரில், பெரும்பாலும் இரவில், சாலையோரத்து ஈரத்தில் மண்டியிட்டு, பனியில் விறைத்த விரல்களால் கொக்கியை இழுத்து மாட்டவேண்டும். அவ்வேளையில் பின்னால் வழுக்கி வரும் வண்டி மோதி உயிரிழந்தோரும் உண்டு. இதற்கென ஒதுக்கப்பட்ட அகன்ற சாலையோர நிறுத்தங்கள் அதனாலேயே அமைக்கப்பட்டன. பூட்டிய பின்னும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்திற்கு மேல் செல்லலாகாது. தளர்ந்து அறுந்த சங்கிலி, பிரேக்குக் குழாயையே கிழித்துவிடக்கூடும். பனியற்ற தரையில் ஓட்டினால் சாலையும் தேயும், சங்கிலியும் தேயும். சரக்கு உரிய நேரத்தில் சேரவேண்டுமென்ற நெருக்கடியில், 'இன்னும் சிறிது தொலைவுதானே' என்று பூட்டாமல் ஏறத் துணிபவரைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடுதல் நேர்மையாகாது.

இத்துன்பத்தைக் குறைக்க 1970களில் சுவீடனில் தானியங்கிச் சங்கிலி உருவாக்கப்பட்டது. ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே விசையை அழுத்தினால், சங்கிலித் துண்டுகள் கோத்த சிறு உருளையொன்று தாழ்ந்து டயரின் உட்புறத்தைத் தொட்டுச் சுழன்று, அத்துண்டுகளைச் சக்கரத்தின் அடியில் வீசுகிறது. பின்னர் நார்வேயிலிருந்து துணியாலான சக்கர உறையும் வந்தது. பழைய இரும்பேணியோ இன்றும் மறையவில்லை.

பெட்ரோல் போன்ற அபாயச் சரக்கேற்றிய வண்டிகளுக்கு ஐசன்ஹோவர் சுரங்கத்தில் பொதுவாக இடமில்லை. கணவாய் மூடப்படும் நாட்களில் மட்டும், மற்ற வண்டிகளை நிறுத்திவைத்து, அவற்றைக் குழுவாக உள்ளே விடுகின்றனர். ஏனைய நாட்களில் அவ்வண்டிகள், சங்கிலிகளைச் சுமந்தபடி, பழைய லவ்லண்டு கணவாயின் வளைவுகளிலேயே ஏறிச் செல்கின்றன.