நுரையடக்கிய வரலாறு

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையிலே நுரையைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர் நுரைச்சோலை. அது அமைந்த புத்தளம் மாவட்டம் தென்னைக்குப் பெயர்பெற்றது. புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை நிலத்தடியிற் பரந்துள்ளது மயோசீன் காலச் சுண்ணக்கல். தேங்காயெண்ணெய் சவர்க்காரத்தின் நுரையைப் பெருக்கும். சுண்ணாம்பு கரைந்த வன்னீர் அதனைக் குறைக்கும். உலோகம் வெட்டும் பட்டறைகளில் நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஒரு தேடலும் இவ்விழுபறி பற்றியதே.

1883 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிட்வேல் உருக்காலையிற் பணியாற்றிய பிரெடரிக் டெயிலர், வெட்டுமிடத்தில் நீரைத் தாராளமாகப் பாய்ச்சினால் வெட்டும் வேகத்தை 30 முதல் 40 நூற்றுவீதம் வரை கூட்டலாமெனக் கண்டார். நீர் வெப்பத்தைக் கவரும். ஆயின் இரும்பைத் துருவேற்றும். அதனைத் தடுக்க நீரிற் சோடா கரைக்கப்பட்டது. எனினும் நீருக்கு எண்ணெயின் வழுவழுப்பு ஏது? எண்ணெயை நுண்துளிகளாக நீரில் விரவிய பால்மமே அக்குறையைத் தீர்த்தது. இரண்டையும் பிணைக்கும் பால்மமாக்கிகளாகச் சவர்க்காரமும், சாயத்தொழிலார் முன்னரே அறிந்திருந்த, ஆமணக்கெண்ணெயிலிருந்து பெறும் துருக்கிச் சிவப்பெண்ணெயும், பின்னர்ப் பெற்றோலியச் சல்பனேற்றுகளும் பயன்பட்டன.

இடரும் அங்கேயே பிறந்தது. எண்ணெய்த் துளியைச் சூழும் அதே மூலக்கூறு காற்றுக் குமிழியையும் சூழ்ந்து காக்கும். சுழலும் கருவி காற்றை அடித்துக் கலக்க, நுரை தொட்டியை மீறி வழியும். பம்பி நீர்மத்துக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும். கருவியின் வெட்டுவிளிம்பு வெந்து மழுங்கும். சிலிக்கோன் சேர்த்தால் நுரை உடனே அடங்கும். வடிகளிற் சிக்கி அது நீங்கியபின் மீண்டும் எழும். ஆகவே, நோய் வந்தபின் மருந்திடுவதிலும் தக்க பால்மமாக்கியைத் தேர்வதே மேலென்பது தெளிவாயிற்று.

தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி லோரிக்கமிலம். அதன் சவர்க்காரம் கடல்நீரிலும் நுரைக்கும். குளிப்போர்க்கு இனிய இக்குணம் பட்டறைக்கு ஆகாது. ஒலேயிக்கமிலம் போன்ற நீண்ட சங்கிலியுடையவற்றின் சவர்க்காரமோ வன்னீரிற் கல்சியத்தோடு கூடிக் கரையாப் பொருளாகி நுரையை உடைக்கும். மென்னீர் வழங்கும் பட்டறைகளில் வேண்டுமென்றே சிறிது கல்சிய உப்புச் சேர்ப்பதும் உண்டு. அளவு மீறினாற் பால்மமும் உடைந்துவிடும். நீர் ஆவியாக, உப்புத் தங்கி வன்மை நாளுக்குநாள் ஏறுதலால், முதலில் நுரைத்த தொட்டியே பின்னர் எண்ணெய் வேறு, நீர் வேறாகப் பிரிந்து கிடத்தலுங் கூடும். நுரை அடங்கியதென்று அப்போது மகிழ்தல் பேதைமை.

1949 இற் கிரிபின் என்பார், பால்மமாக்கியின் நீர்விருப்பையும் எண்ணெய்விருப்பையும் ஓர் எண்ணாற் குறிக்கும் முறையை வெளியிட்டார். தேர்வு அதனால் ஓரளவு கணக்குக்குள் வந்தது. எதிலீன் ஒட்சைட்டையும் புரொப்பிலீன் ஒட்சைட்டையும் இணைத்தமைத்த அயனற்ற பால்மமாக்கிகளும் வழக்கில் வந்தன. கல்சியம் இவற்றை அவ்வளவாகத் தாக்காது. சுண்ணக்கல் நிலத்து நீருக்கு இது பெரும் பயன். மேலும், குறித்ததொரு வெப்பநிலைக்கு மேலே இவை கரைசலிலிருந்து பிரிந்து நுரையைத் தாமே உடைக்கும். குளிர்ந்த காலையில் நுரைத்துப் பொங்கும் தொட்டி, பொறிகள் ஓடிச் சூடேறியபின் அமைதியுறுவது இதனாலேயாம்.