கி.பி. 1714இல் செஞ்சியும் உலகும்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியில், விழுப்புரத்திற்கு வடமேற்கே அமைந்தது செஞ்சி மலைக்கோட்டை. அதன் இளந்தலைவன் தேசிங்கு, கி.பி. 1714ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 3ஆம் நாள், ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையொடு பொருது மாண்டான். கதைப்பாடல் வாயிலாகத் தமிழகம் முழுதும் பரவிய இந்நிகழ்ச்சியை அவ்வாண்டின் பிற நிகழ்ச்சிகளோடு ஒருங்குவைத்து நோக்குதல் ஈண்டு நம் கருத்தாகும். அங்ஙனம் நோக்குங்கால், ஓர் ஊர்ச் சண்டையாகத் தோன்றும் இப்போர், அன்று உலகின் பல பகுதிகளை அலைத்த ஒரே வினாவின் ஒரு கூறு என்பது புலனாகும். தந்தையின் பதவி மைந்தனுக்கு எவ்வுரிமையால் வருகின்றது என்பதே அவ்வினா.

இங்கிலாந்தின் அரசி ஆன் 1714 ஆகஸ்டில் மக்கள் எவரும் எஞ்சாத நிலையில் மறைந்தாள். குருதியுறவில் நெருங்கியோர் ஐம்பதின்மருக்கு மேல் இருந்தும், அவர்கள் கத்தோலிக்கர் என்னும் காரணத்தால் விலக்கப்பட்டனர். 1701ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செருமானிய நாட்டு அனோவர் குடியினனாகிய சார்சு முடி பெற்றான். எசுப்பானிய அரியணைக்கு உரியவர் யார் என்பது பற்றி ஐரோப்பா பதின்மூன்று ஆண்டுகளாக நடத்திய போர், அவ்வாண்டு மார்ச்சில் இராசுதாத்து உடன்படிக்கையால் ஏறக்குறைய முடிவுற்றது. ஆயினும் பார்சிலோனா நகரத்தார் ஐந்தாம் பிலிப்பை ஏலாது எதிர்த்து நின்று, செப்டம்பர் 11ஆம் நாள் வீழ்ந்தனர். தேசிங்கின் மறைவுக்கு மூன்று கிழமைகளுக்கு முற்பட்டது இது. தோல்வியுற்ற அந்நாளையே கத்தலோனிய மக்கள் இன்றும் தம் நாட்டு நாளாகக் கொண்டாடுகின்றனர் என்பது நினையத்தக்கது.

இனிச் செஞ்சிக்கு வருவோம். 1677இல் சிவாசி கைப்பற்றிய இக்கோட்டையை, அவர் மைந்தர் இராசாராமை முற்றுகையிட்டுப் பல்லாண்டு போராடி 1698இல் வென்றவர் முகலாயத் தளபதி சுல்பிகார்கான். பின்னர்க் கோட்டைக் காவல், புந்தேல்கண்டு இராசபுத்திரனாகிய சொரூப்சிங்கிற்கு ஔரங்கசீப்பால் அளிக்கப்பெற்றது. இவன் எளியவன் அல்லன். கடலூர்த் தேவனாம்பட்டினக் கோட்டை ஆங்கிலேயருடன் 1710 முதல் பகைத்துப் போரிட்டான். புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் இடைநின்று 1712இல் அமைதி செய்விக்க வேண்டியதாயிற்று.

சொரூப்சிங் மறைந்ததும் அவன் மைந்தன் தேசசிங் வடக்கிலிருந்து வந்து பொறுப்பேற்றான். தமிழர் நாவில் இப்பெயரே தேசிங்கு என நின்றது. தந்தைக்குப் பேரரசர் தந்த ஆணையே தனக்கும் போதும் என்பது இவன் வழக்கு. கோட்டைக் காவல் குடிவழிச் சொத்து அன்று, புதிய பேரரசரின் ஆணை வேண்டும், நிலுவைத் திறையும் செலுத்தப்பெறல் வேண்டும் என்பது நவாபின் வழக்கு. முகலாயர் முறைப்படி நோக்கின் நவாபின் பக்கமே நியாயம் மிகுதி என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மன்சபும் சாகீரும் வழங்குவோர் விருப்பில் நிற்பன. மைந்தன் அவற்றை உரிமையாகக் கோர இயலாது. ஆனால் முறை வழங்க வேண்டிய தில்லியின் நிலை யாது? 1713இல் அரியணை ஏறிய பரூக்சியர் சையது உடன்பிறந்தார் கையில் இருந்தார். தென்னாட்டில் ஆணை செல்லுவதும் செல்லாமையும் அருகிலிருந்த படையின் வலிமையைப் பொறுத்தனவாயின.

செஞ்சிக்குத் தென்கிழக்கே பாயும் சங்கராபரணி ஆற்றங்கரையில் தேவனூர், கடலி ஆகிய ஊர்ப்பகுதிகளில் போர் நிகழ்ந்தது. தேசிங்கின் சிறுபடை நவாபின் பெரும்படைக்கு ஈடாகவில்லை. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது என்பர். கோட்டைக்கு உரியவனாய் அவன் இருந்த காலம் பத்துத் திங்களும் நிரம்பாது. அவன் தேவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே பாலாற்றங்கரையில் நவாபு இராணிப்பேட்டையை அமைத்தான் என்பது செவிவழிச் செய்தி.

இப்போரை இந்து, முசுலிம் போராகக் காட்டுவாரும் உளர், அது பொருந்தாது. தேசிங்கிற்காக உயிர் நீத்த அவன் நண்பன், கதைப்பாடல் திருமணப் பந்தலிலிருந்து எழுந்து வந்தவனாகக் கூறும் முகம்மதியன். நவாபின் பக்கத்திலோ தோடர்மால் முதலிய இந்துத் தலைவர் நின்றனர். நவாபின் புகழைப் பாரசீகத்தில் ‘சயீத்நாமா’ என எழுதிவைத்த சசுவந்தராயும் இந்துவே.

இவ்வழக்கின் மறுபுறமும் ஒன்று உண்டு. பதவி குடிவழிச் சொத்து அன்று எனப் போர் தொடுத்த சாதத்துல்லாகானுக்கு மகப்பேறு இல்லை. அவன் தன் உடன்பிறந்தான் மைந்தன் தோசுது அலியை வளர்த்து, 1732இல் தான் மறைந்தபோது ஆர்க்காட்டை அவனுக்கே விட்டுச் சென்றான். மேலாளரின் முறையான இசைவின்றி இது நிகழ்ந்ததால் நிசாம் சினங்கொண்டார். செஞ்சியில் தேசிங்கிற்கு மறுக்கப்பெற்ற உரிமை, பதினெட்டு ஆண்டுகளுக்குள் ஆர்க்காட்டில் வாள் எடுப்பாரின்றியே எய்தப்பெற்றது. பின்னர் நேர்ந்த கருநாடகப் போர்களில் இவ்வுரிமைப் பூசலுக்கும் பங்கு உண்டு. அவற்றிடையே 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் செஞ்சியைக் கைக்கொண்டனர்.

அதே 1714இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழில் நற்செய்தி நூல்களை அச்சிட்டார். ஆலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரியனவாயிருந்தமையால் சிறிய எழுத்துகள் அங்கேயே வார்க்கப்பெற்றன. தமிழகத்தில் அச்சு வேரூன்றத் தொடங்கிய ஆண்டிலேயே, அச்சின் உதவி சிறிதுமின்றித் தேசிங்கு பாடலுள் புகுந்தான். தமிழனும் அல்லன், இங்கு வாழ்ந்ததும் சில திங்களே. எனினும் உடுக்கடித்துப் பாடுவோர் அவனைத் தம்மவனாக்கினர். நவாபின் வரலாறு பாரசீகம் அறிந்தாரிடம் நின்றுவிட்டது. தேசிங்குராசன் கதையோ பின்னாளில் பெரிய எழுத்துப் புத்தகமாகிச் சந்தைதோறும் விற்கப்பெற்றது. 2025இல் மராட்டியப் படைக்கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சி உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் அவ்வூரார் அதனைத் தேசிங்குராசன் கோட்டை என்றே வழங்குவர்.