இருட்டில் மேகத்தைக் கண்ட கதை

சிங்கப்பூரின் ஈசூன் இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த நகரம். முன்பு அங்கே ரப்பரும் அன்னாசியும் விளைந்தன. தோட்ட முதலாளி லிம் நீ சூனின் பெயரே ஊர்ப் பெயராயிற்று. விடியுமுன் பால்மரம் சீவப் புறப்படும் நமக்கு ஒன்று தெரியும்: பட்டை நனைந்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் கூலி குறையும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்திராப் பக்கமிருந்து வரும் சூறைமழையோ பெரும்பாலும் விடியற்காலையில்தான் சிங்கப்பூரைத் தாக்கும். இருட்டில் வரும் மேகத்தை எப்படிக் காண்பது?

1959 அக்டோபரில் அமெரிக்கா ஏவிய எக்ஸ்புளோரர் 7 என்ற துணைக்கோளில், வெர்னர் சுவோமி என்னும் அறிஞரின் கருவி இருந்தது. அது பூமி வீசும் வெப்பக் கதிர்களை அளந்தது. சூடான நிலமும் கடலும் மிகுதியாக வெப்பம் வீசும். உயர்ந்த மேகத்தின் உச்சி கடுங்குளிரானது. அது வீசும் வெப்பம் குறைவு. ஆகவே அளவு குறைந்த இடத்தில் உயர்ந்த மேகம் உண்டென்று அறியலாம். இதற்குச் சூரிய வெளிச்சம் தேவையில்லை. ஆனால் தாழ்ந்த மேகத்தின் சூடு ஏறக்குறையக் கடலின் சூடே. இரவில் அதைப் பிரித்தறிவது கடினம். பகலில் அது திருப்பியனுப்பும் சூரிய ஒளி அதைக் காட்டிக் கொடுக்கும்.

1977இல் ஏவப்பட்ட ஜப்பானின் ஹிமாவாரி, ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று நம் வட்டாரத்தையும் கண்காணித்தது. 1983இல் பல நாட்டுத் துணைக்கோள்களின் அளவுகளைச் சேர்த்து உலக மேகக் கணக்கெடுக்கும் திட்டம் தொடங்கியது. பூமியின் மூன்றில் இரு பங்கை மேகம் மூடியிருப்பதை அது காட்டியது. 2015 முதல் ஹிமாவாரி வரிசைத் துணைக்கோள்கள் பத்து நிமிடத்துக்கொரு முறை படம் அனுப்புகின்றன.

பள்ளியில் நம் பிள்ளைகள் வெப்பக் கதிர்வீச்சுப் பாடம் படிக்கும்போது, இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்லிக் கொடுப்போம்.