போலீஸ் ரோந்து காரில் கம்ப்யூட்டர் எதுக்கு? முத்தியால்பேட்டை மாதிரி எல்லை ஊரில் அது ஏன் முக்கியம்?

112-க்கு போன் போட்டதும் என்ன நடக்கும்? யாரோ வாக்கி டாக்கியில் சொல்வார், பக்கத்தில் நிற்கும் போலீஸ் வண்டி வரும் என்றுதான் பலர் நினைக்கிறோம். அந்த வேலையில் பாதியை இப்போது வண்டிக்குள் இருக்கும் ஒரு திரை பார்க்கிறது. மொபைல் டேட்டா டெர்மினல், சுருக்கமாக எம்.டி.டி என்பது அதன் பெயர். சில நாடுகளில் அது கனமான லேப்டாப். நம் நாட்டில் பெரும்பாலும் டேப்லெட்.

புதுச்சேரியும் தமிழ்நாடும் 112 அவசர உதவித் திட்டத்தில் சேர்ந்தது ஒரே நாளில்தான், 2019 பிப்ரவரி 19. இதற்கான மென்பொருளை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம்.

திரையில் என்ன வரும்?

நீங்கள் பேசும்போதே கன்ட்ரோல் ரூமில் ஒருவர் தகவலைப் பதிவு செய்வார். இன்னொருவர் ஜிபிஎஸ் வரைபடத்தில் எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து அதற்கு அனுப்புவார். இடம், பிரச்னை, கூப்பிட்டவரின் நம்பர் எல்லாம் வண்டியின் திரையில் வந்து விழும். போலீஸ்காரர் ‘ஏற்றுக்கொண்டேன்’, ‘கிளம்பிவிட்டேன்’, ‘வந்து சேர்ந்தேன்’ என ஒவ்வொரு கட்டத்திலும் பட்டனை அழுத்த வேண்டும்.

இந்த பட்டன்தான் முக்கியமான விஷயம். ஒவ்வொரு அழுத்தமும் நேரத்தோடு பதிவாகும். “உடனே வந்துட்டோம் சார்” என்று ஸ்டேஷனும், “முக்கால் மணி நேரம் ஆச்சு” என்று மக்களும் சொல்லும்போது, யார் சொல்வது சரி என்று பார்க்க ஒரு ஆதாரம் இருக்கும். வயர்லெஸ் பேச்சில் இவ்வளவு தெளிவான தடம் கிடைக்காது.

சாதாரண டேப்லெட் போதாதா?

போதாது. மே மாத மதியம் காரை வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்திருக்கிறீர்களா? உள்ளே 60 டிகிரியைத் தொடலாம். பல சாதாரண போன், லேப்டாப்கள் 35 டிகிரி வரை வேலை செய்யத்தான் வடிவமைக்கப்பட்டவை. திரை வெளிச்சமும் போதாது. சாதாரண லேப்டாப்பில் 250, 300 நிட்ஸ் இருக்கும். வெயிலில் படிக்க 1,000 நிட்ஸ் அளவு தேவை.

இதற்காகவே ‘ரக்டு’ எனப்படும் முரட்டுக் கருவிகள் வந்தன. பானசோனிக்கின் டஃப்புக் 1996-ல் அறிமுகமாகி, அமெரிக்க போலீஸ் கார்களில் சகஜமானது. வாங்கும்போது இரண்டு விஷயம் பார்ப்பார்கள். ஒன்று ஐபி65: 6 என்றால் தூசி உள்ளே போகாது, 5 என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலும் தாங்கும். இன்னொன்று ‘மில்-ஸ்டாண்டர்டு 810’ என்ற அமெரிக்க ராணுவ சோதனை முறை. இதில் சுமார் 4 அடி உயரத்திலிருந்து 26 முறை கீழே போடும் சோதனை உண்டு. ஆனால் அட்டைப்பெட்டியில் ‘மிலிட்டரி கிரேடு’ என்று எழுதியிருந்தால் அப்படியே நம்பிவிட வேண்டாம். ராணுவம் இதற்கென்று சான்றிதழ் எதுவும் தருவதில்லை. எந்தெந்த சோதனை செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தேர்வு செய்யலாம்.

புதுச்சேரிக்கு இதில் கேட்க வேண்டியது உப்புப் பனி சோதனை. வைத்திக்குப்பம் கடற்கரையில் சைக்கிள் செயின் எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சார்ஜர் முனையும் ஆன்டெனா இணைப்பும் அப்படித்தான்.

பொருத்தும் இடமும் சிக்கல்தான். ஏர்பேக் விரியும் பாதையில் மாட்டினால், விபத்தில் அந்தக் கருவியே முகத்தில் வந்து மோதும். ஓட்டிக்கொண்டே திரையைத் தட்டக் கூடாது, பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்திய பிறகும் கருவி ஓடிக்கொண்டே இருந்தால் காலையில் வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். அதனால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் டைமர் வைப்பார்கள்.

எல்லையில் என்ன பிரச்னை?

முத்தியால்பேட்டையிலிருந்து வடக்கே போனால் கோட்டக்குப்பம். ஊர் மாறியதே தெரியாது, ஆனால் மாநிலம் மாறிவிடும். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். இந்தப் பக்கம் சிவப்புத் தொப்பி போலீஸ், அந்தப் பக்கம் வேறு போலீஸ், இரண்டுக்கும் தனித்தனி கன்ட்ரோல் ரூம்.

வண்டி நம்பரைச் சரிபார்ப்பதில் கஷ்டமில்லை. வாகன் தரவுத்தளம் நாடு முழுக்க ஒன்றுதான், பி.ஒய் நம்பரும் டி.என் நம்பரும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் அவசரச் செய்தி அப்படி இல்லை. புதுச்சேரி கன்ட்ரோல் ரூம் அனுப்புவது புதுச்சேரி வண்டிகளுக்குத்தான் போகும். சில நிமிட தூரத்தில் கோட்டக்குப்பத்தில் நிற்கும் வண்டிக்குத் தெரிய வேண்டுமென்றால், அவர்கள் கன்ட்ரோல் ரூமுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

2024 மார்ச் 2-ம் தேதி முத்தியால்பேட்டையில் விளையாடிக்கொண்டிருந்த 9 வயது சிறுமி காணாமல் போனார். மூன்று நாள் கழித்து வாய்க்காலில் சடலமாக மீட்கப்பட்டார். மக்கள் கொதித்துப் போய் சாலைக்கு வந்தார்கள். காருக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்வது அந்தக் குடும்பத்துக்கு நியாயம் செய்வதாகாது. ஆனால் ஒரு குழந்தையைக் காணவில்லை என்றால், அந்தப் புகைப்படம் எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ள வண்டிகளில் எத்தனை நிமிடத்தில் தெரிகிறது என்ற கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும்.

நம் தகவல் பத்திரமா?

வண்டியில் இருக்கும் திரையில் புகார்தாரரின் நம்பர் முதல் குற்றப் பதிவு வரை தெரியலாம். 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாள மென்பொருள் தளத்தில் ஊடுருவல் நடந்தது. கருவி எவ்வளவு முரடாக இருந்தாலும் பாஸ்வேர்டு திருடு போனால் அதனால் தடுக்க முடியாது.

112-க்கு கூப்பிடும்போது

செல்போன் அழைப்பு எந்த டவரைப் பிடிக்கிறதோ அதைப் பொறுத்தே கன்ட்ரோல் ரூம் அமையும். எல்லை ஓரத்தில் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடலாம். சென்னையிலும் ஒரு முத்தியால்பேட்டை இருக்கிறது. அதனால் ‘முத்தியால்பேட்டை’ என்று மட்டும் சொல்லாமல், “புதுச்சேரி முத்தியால்பேட்டை, மணிக்கூண்டு பக்கத்தில்” என்று மாநிலத்தையும் அடையாளத்தையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேரில் புகார் கொடுக்கும்போது “இது எங்க லிமிட் இல்லை” என்றால், 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ் சட்டத்தின் 173-வது பிரிவைச் சொல்லலாம். கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது அது.